இறங்க வேண்டியவர்

போன வாரம் இளையவனை ஆஸ்பத்திரி வாசலில் பாதி குடித்த டீயோடு நிற்க வைத்துவிட்டு, நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவன் அந்த டீயைக் குடிக்கவில்லை. கீழே ஊற்றவும் இல்லை. டம்ளரைக் கையில் பிடித்தபடியே பஸ் நிறுத்தம் வரை நடந்து போய், அது கடைக்காரருடையது என்று அப்புறம்தான் உறைத்து, திரும்பி வந்து கொடுத்தான்.

அவன் தலையில் கல்லைப் போட்டவர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறவர். அதிகம் பேசாத மனிதர். "மெஷின் கெட்டுப் போகல, தம்பி. மறுநாள் நான்தான் கழற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்ல. யாரோ கையால குறைச்சிருக்காங்க. அந்த நேரத்துல வார்டுல இருந்தது உங்க அண்ணி ஒருத்தங்கதான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அப்பா இறந்தது மெஷின் நின்று போனதால்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். சொன்னது அண்ணி. அந்த வார்டின் தலைமை நர்ஸே அவள்தான் என்பதால் வேறு யாரிடம் போய்க் கேட்பது? "நம்ம வீட்டுப் பொண்ணு பக்கத்துல இருந்தாளே, அது போதும் எனக்கு" என்று அம்மா அதையே சொல்லிச் சொல்லித் தேறிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை இளையவன் சமையலறைக்குள் வந்தபோது, அண்ணி அம்மாவின் மாத்திரைகளை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள். அண்ணி ஒவ்வொன்றாகப் போட்டு, தண்ணீர் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டாள்.

அந்த விரல்களையே அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றான் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தான். "வாத்தியாருக்கு ராத்திரி தூக்கம் இல்ல போல. என்ன யோசனை? உலகத்தைத் திருத்தியாச்சா?"

இளையவன் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவன் என்பதால் வீட்டில் அவனுக்கு அந்தப் பெயர். சிரித்து வைத்தான். அண்ணி சிரிக்கவில்லை. அவன் தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு, அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

ரொட்டியை அப்படியே வைத்தான். நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டான்.

பாடத்திட்டம் யார் வீட்டுத் துக்கத்தையும் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. அன்றைக்கு அவன் நடத்த வேண்டியிருந்தது பயன்வாதம். வருஷா வருஷம் நடத்துகிறான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். கரும்பலகையில் பெரிதாக எழுதினான்: அதிகப் பேருக்கு அதிக நன்மை.

"ஒரு காரியம் நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று ஆரம்பித்தான். "பண்ணவன் மனசுல என்ன நினைச்சான்னு பார்க்காதே. யாருக்கு என்ன வாக்குக் குடுத்தான்னு பார்க்காதே. அதனால என்ன நடந்துச்சுன்னு மட்டும் பார். எத்தனை பேருக்குச் சுகம், எத்தனை பேருக்கு வலி? கூட்டிக் கழிச்சு எதுல நன்மை அதிகமோ அதைச் செய். அதுல ராஜாவும் ஒரு ஆள்தான், கூலிக்காரனும் ஒரு ஆள்தான். உன் சொந்த அப்பாவா இருந்தாலும்…"

அங்கே நின்றுவிட்டான். வழக்கமாக அந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். அன்றும் நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு, போன மாதம் சார் எதற்கு லீவில் இருந்தார் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

பேச்சை மாற்ற அவன் லிஃப்டுக்குத் தாவினான். அதுவும் பழைய சரக்குதான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டான், பாவம்.

"லிஃப்ட்ல ஆள் நிறைஞ்சாச்சு. பாரம் தாங்காம பெல் அடிக்குது. யார் இறங்கணும்?"

"இருக்கறதுலயே குண்டா இருக்கறவர், சார்!" என்றது கடைசி பெஞ்ச். "அவர் ஒருத்தர் இறங்கினா, வெளியே நிக்கற ரெண்டு பேர் ஏறிக்கலாம்."

வகுப்பு சிரித்தது. இளையவன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டான். ஏனென்றால் அது அப்பாவின் லிஃப்ட். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் அவர். சாப்பிட உட்கார்ந்தால் பாதி நேரம் அந்த பெல்லைப் பற்றித்தான் புலம்புவார். "பெல் அடிச்சா ஒருத்தனும் நகர மாட்டான். எல்லாரும் ஒரே ஆளாப் போய் அந்தக் குண்டு மனுஷனைப் பார்ப்பானுங்க. அவர்தான் முதல்ல ஏறியிருப்பார். கடைசியா ஏறினவன் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பான்." சொல்லிவிட்டுத் தன் தொப்பையைத் தடவிக்கொள்வார். அப்பாவும் குண்டுதான்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு வைத்திருந்தது காற்றை வேகமாகச் செலுத்துகிற பெரிய மெஷின். சாதாரண முகமூடி போட்ட ஐந்தாறு பேருக்குப் போதுமான ஆக்சிஜனை அது ஒன்றே குடித்துவிடும் என்று குழாய்க்காரர் சொல்லியிருந்தார். குழாயில் காற்று குறைந்தால் மணி அடிக்கும். அன்றைக்கும் அடித்திருக்கிறது.

"சார்" என்று முதல் பெஞ்சிலிருந்து கண்ணாடி போட்ட பெண் எழுந்தாள். எதையும் சும்மா விடுகிற ரகம் இல்லை. "இறங்கினா அடுத்த லிஃப்ட்ல போகலாம், அதனால சிரிக்கறோம். லிஃப்டே அறுந்து விழப் போகுது, ஒருத்தரைத் தள்ளினா மிச்ச அஞ்சு பேர் பிழைப்பாங்கன்னு வெச்சுக்குவோம். உங்க கணக்குப்படி தள்ளறதுதானே சரி?"

"கணக்குப்படி சரிதான்" என்றான் இளையவன்.

"அதுதான் எனக்கு இடிக்குது, சார். அஞ்சு பேரோட உயிரை ஒரே மூட்டையா கட்டி ஒரு தட்டுல வெக்கறோம். ஆனா அந்த மூட்டையை மொத்தமா யாரும் வாழறதில்லையே. அவங்கவங்க அவங்கவங்க உயிரைத்தான் வாழறாங்க. தள்ளி விடப்பட்டவருக்கும் அப்படித்தான். மத்தவங்களுக்கு அது ஆறுல ஒண்ணு. அவருக்குப் போனது முழுசு."



"அப்புறம்," என்றாள் அவள், உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்து, "தள்ளறதுக்கு முன்னாடி அவர்கிட்ட யாராவது கேட்டாங்களா, சார்?"

இதற்கெல்லாம் பதில் அவனிடம் தயாராக இருந்தது. ஒன்றுக்கு இரண்டாகவே இருந்தது. அப்படித் தள்ளுகிற ஊரில் யாரும் நிம்மதியாக லிஃப்டில் ஏற மாட்டார்கள், அந்தப் பயத்தையும் கணக்கில் சேர்த்தால் விடை மாறும் என்று வருஷா வருஷம் சொல்லுகிறவன்தான். அன்று மட்டும் தலைவலி என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டு, ஆசிரியர் அறைக்குப் போய் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

சாயங்காலம் அண்ணி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அம்மா யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். இளையவன் படி ஏறி வந்ததும் அண்ணி திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"குழாய்க்காரர் உங்ககிட்ட சொல்லிட்டார். அதானே?"

"ஆமா."

"சொல்லப் போறேன்னு என்கிட்டயும் சொன்னார். நான் தடுக்கல." வெள்ளைச் சீருடையை உதறிக் கொடியில் போட்டாள். "கேளுங்க, தம்பி."

எத்தனையோ கேள்விகளை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். ஒன்றுதான் வந்தது. "நீங்களா?"

"நான்தான்."

அவள் அழவில்லை. டியூட்டி மாற்றும்போது அடுத்த நர்ஸிடம் சொல்வது போலச் சொன்னாள். ஆக்சிஜன் லாரி வந்து சேரவில்லை. குழாயில் அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்ன உருண்டை மிதக்கும். காற்று குறையக் குறைய அது கீழே இறங்கும். ஐந்து கட்டிலில் உருண்டை இறங்கியது. டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் வேறொரு வார்டில் ஒருவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். "நீங்களே பார்த்துக்கோங்க, சிஸ்டர்" என்று வைத்துவிட்டார்.

"மாமா மெஷினைக் குறைச்சு, அவருக்குச் சாதா முகமூடி போட்டேன். உருண்டை எல்லாம் மேல வந்துச்சு. லாரி வர்றதுக்குள்ள அவர் போயிட்டார். அந்த அஞ்சு பேரும் நடந்து வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அதனால சரியாயிடுமா?"

"நான் சரின்னு சொன்னேனா?" முதல் முறையாகக் குரல் ஏறியது. "அஞ்சு பேர் என் கண் முன்னாடி போகட்டும்னு நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னிருந்தா? அப்பவும் என் கைதானே? அவங்களை நான் தொடவே இல்லைன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாமா? நீங்க படிச்சவர், சொல்லுங்க."

"தொடறதும் தொடாம விடறதும் ஒண்ணு இல்ல, அண்ணி."

"செத்துப் போறவங்களுக்கு ஒண்ணுதான்."

அவனுக்குக் கோபம் வந்தது. "அப்படின்னா நாளைக்கு நல்லா இருக்கற ஒரு ஆளைப் பிடிச்சு அறுத்து, அஞ்சு பேருக்குப் பங்கு போட்டுக் குடுக்கலாமா? அதுவும் அஞ்சு உயிர்தானே? அவர்தான் அந்த வார்டுல முதல்ல படுத்தவர். கடைசியா வந்தவரை ஏன் இறக்கல?"

"கடைசியா வந்தது ஒரு தையல்கார அம்மா. மூச்சு வாங்கிக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. அவங்ககிட்ட, நீங்க லேட், வெளிய போங்கன்னு சொல்லணுமா?" அண்ணி ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டாள். "அதையெல்லாம் போர்டுல எழுதி அழிச்சுக்கலாம், தம்பி. எனக்கு அழியல."

இளையவனுக்குக் குழாய்க்காரர் சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது.

"அந்த வார்டுல பெரிய மெஷின் ரெண்டு இருந்துச்சாமே?"

அண்ணி கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்திருக்கிறாள்.

"இருந்துச்சு. ஜன்னல் பக்கத்துக் கட்டில். மாமாவை விட வயசானவர். ரொம்ப மோசமா இருந்தார். தேற மாட்டார்னு டாக்டரே சொல்லியிருந்தார். மாமா தேற வாய்ப்பு இருந்துச்சு."

"அப்புறம் ஏன்?"

"அவர் வீட்டம்மா கதவுக் கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அதைக் குறைச்சா, மாமனாரைக் காப்பாத்த என் புருஷனைக் கொன்னுட்டான்னு சொல்ல மாட்டாங்களா? ஊர் சொல்றது கூட இருக்கட்டும். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நம்ம மனுஷர்னு என் கை ஒரு பக்கமா சாயுதோன்னு. சாயக் கூடாது, சாயக் கூடாதுன்னு நினைச்சு…"

மிச்சத்தை அவள் சொல்லத் தேவையில்லை. எல்லோரையும் ஒரே மாதிரி எண்ண வேண்டும் என்று நின்றவள், சொந்த மாமனாரை மட்டும் ஓர் ஆளுக்கும் குறைவாக எண்ணிவிட்டாள். வேறு எந்த வீட்டு ஆளாக இருந்திருந்தாலும் அப்பா பிழைத்திருக்கக் கூடும். மருமகள் அங்கே நர்ஸாக இருந்ததுதான் அவர் செய்த பாவம். கணக்குப் போட்டவர்கள் யாரும் கேள்விப்படாத தவறு இது.

"ஜன்னல்காரர்?"

"அவரும் நாலஞ்சு நாள்ல போயிட்டார்."

இளையவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எதிரே நின்றவள் இந்த ஒரு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். அவன் அதை இப்போதுதான் பார்த்தான். அவன் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே இந்த வீட்டுக்கு வந்தவள். அவனுக்குக் காய்ச்சல் என்றால் கண் விழித்தவள். அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. கையில் இருந்த ஒரே ஆறுதலைக் கொடுத்தான்.

"விடுங்க, அண்ணி. அப்பாகிட்ட கேட்டிருந்தா அவரே சரின்னுதான் சொல்லியிருப்பார். அஞ்சு பேருக்காகன்னா மாட்டேன்னு சொல்ற ஆளா அவர்?"

அண்ணி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவன் வாயை மூடியிருக்கலாம்.

"கேட்டேன், தம்பி."

"என்னது?"

"அவருக்கு நினைவு நல்லா இருந்துச்சு. காதுகிட்ட குனிஞ்சு, மாமா, காத்து பத்தல, உங்களோடதைக் கொஞ்சம் குறைக்கட்டுமான்னு கேட்டேன். அவருக்குப் புரிஞ்சுது. வேண்டாம்னு தலையை ஆட்டினார். ரெண்டு தடவை ஆட்டினார். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். விடவே இல்ல." அவள் தன் வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டாள். "ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்துட்டுத்தான் திருகினேன்."

கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது, சாப்பாடு எடுத்து வைக்கலாமா என்று. "இதோ வர்றேன், அத்தை" என்று அண்ணி பதில் கொடுத்தாள். எப்போதும் போன்ற குரல். வாளியில் கிடந்த துணியையும் பிழிந்து போட்டுவிட்டுத்தான் இறங்கிப் போனாள்.

அண்ணன் இரவு வேலைக்குப் போக வேண்டும் என்பதால் அந்த வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்துக்கே சாப்பாடு. நான்கு தட்டு. அப்பாவின் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. அண்ணன் தன் சட்டையை மட்டும் அதில் போட்டிருந்தான்.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு தினமும் கேட்கிறதைக் கேட்டாள்.

"ஏம்மா, கடைசியா அவர் ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்ல, அத்தை. தூங்கிட்டார்."

"என்னைக் கேட்டிருப்பாரே."

"நல்லாத் தூங்கிட்டார், அத்தை."

தினமும் இதோடு முடிந்துவிடும். இன்று அம்மா ஏனோ இளையவன் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டா வாத்தியாரே, தட்டைப் பார்த்துக்கிட்டே இருக்க? வந்ததுலேர்ந்து முகம் சரியில்ல. நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனியே, யாராவது ஏதாவது சொன்னாங்களா? அவர் கஷ்டப்பட்டாரா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். அண்ணி பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த கரண்டி மட்டும் அசையாமல் நின்றது.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அம்மா உடைந்து போவாள். இனி அந்தக் கையால் ஒரு மாத்திரை கூட வாங்க மாட்டாள். அண்ணன் தன் பெண்டாட்டியின் முகத்தில் விழிக்க மாட்டான். அண்ணியின் வேலை போகும், போலீஸ் வரும். இவனுக்கு வீடு என்று ஒன்று இருக்காது. பொய் சொன்னால் இந்த நான்கு பேரும் பிழைத்துக்கொள்வார்கள். எதிர்ப் பக்கம் ஒரே ஒருவர்தான். அவர் இனி வாயைத் திறக்கப் போவதில்லை.

நாலுக்கு ஒன்று. இதற்குக் கரும்பலகை தேவையில்லை.

தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தபோது அவன் எண்ணி முடித்திருந்தான்.

"கஷ்டமெல்லாம் படலம்மா," என்றான். "தூங்கிட்டாராம்."

அம்மா பெருமூச்சு விட்டாள். முகம் தெளிந்தது. அண்ணன் மறுபடி சாப்பிட ஆரம்பித்தான். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டியது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி அவர் விரல்களைப் பிரித்தவள். இரண்டாவது தடவையாக இப்போது பிரித்தவன் அவர் பிள்ளை. இளையவனுக்குச் சாப்பாட்டில் கை வைக்கவே கூசியது.

"போதும்டா. இதைக் கேட்டாலே எனக்கு உயிர் வருது" என்று அம்மா தண்ணீர் குடித்தாள். "அட, சொல்ல மறந்துட்டேன் பாரு. சாயங்காலம் ஒரு அம்மா போன் பண்ணாங்க. அவங்க வீட்டுக்காரர் ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல இருந்தாராம். அன்னைக்குக் கதவுக் கண்ணாடி வழியா எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே நின்னாங்களாம். உன் மருமக என் புருஷனுக்காகப் பண்ணதை நேர்ல வந்து உங்ககிட்ட சொல்லணும், கையெடுத்துக் கும்பிடணும்னு ஒரே அழுகை. எனக்கு ஒண்ணும் புரியல. நாளைக்குக் காலைல வாங்கன்னு சொல்லிட்டேன்."

அம்மா மருமகளின் தோளை வாஞ்சையாகத் தடவினாள்.

"அப்படி என்னம்மா பண்ணே?"